வரகை யாரும் மறக்கவில்லை

சிறுதானியம் பற்றிப் பேசுகிற எந்த மேடையிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "நம்ம மக்கள் பாரம்பரிய உணவை மறந்துட்டாங்க." ஐக்கிய நாடுகள் சபை 2023ஐ சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அந்த வாக்கியத்துக்கு அரசு முத்திரையும் விழுந்துவிட்டது. வேளாண் அதிகாரி அதைச் சொல்கிறார். இயற்கை உணவுப் பிரசாரகர் சொல்கிறார். பட்டிமன்றப் பேச்சாளர் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார். மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்கிற இவர்கள் இதில் மட்டும் ஒரே குரல். நோய் மறதி என்று முடிவாகிவிட்டால் மருந்து நினைவூட்டல்தானே? ஆகவே பேரணி, கோலப்போட்டி, துண்டறிக்கை, உணவுத் திருவிழா, ஃப்ளெக்ஸ் பேனரில் வரகுப் பொங்கல்.

கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடிப் பக்கத்துக்காரன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. இங்கே யாரும் எதையும் மறக்கவில்லை. வரகை விட்டவர்கள் தெரிந்தே விட்டார்கள். காரணத்தோடு விட்டார்கள். அந்தக் காரணங்களை இதுவரை யாரும் உட்கார்ந்து கேட்காததுதான் கோளாறு.

வெலிங்டன் ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டுக்காடுகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். வேப்பூர், சிறுபாக்கம், மங்களூர், நல்லூர் என்று போனால் பெரும்பாலும் மானாவாரிதான். ஒரு தலைமுறைக்கு முன் இங்கே வரகும் அதற்கு ஊடே துவரையும் நின்றன. இன்று அதே காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. இந்த மாற்றத்தை மறதிக் கணக்கில் எழுதுகிறவர் வரகு குத்திய கையைப் பார்த்திருக்க மாட்டார்.

வரகுக்கு ஏழு தோல் என்பார்கள். எண்ணிக்கை எப்படியோ, நெல் உமிபோல ஒரு அரைப்பில் கழன்றுவிடுகிற தோல் அது இல்லை. கல் திருகையில் போட்டால் தோலோடு அரிசியும் நொறுங்கிப்போகும். அதனால் வரகுக்கென்றே களிமண்ணைப் பிசைந்து, காயவைத்து, எடை குறைந்த மண் திருகை செய்து வைத்திருந்தார்கள். அழுத்தம் அளவாக விழுந்து தோல் மட்டும் உரிவதற்கான ஏற்பாடு. எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படிக்காத பெண்கள் கண்டுபிடித்த அருமையான கருவி என்று இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பொய். அந்தத் திருகையில் ஒரு முறை அரைத்து, முறத்தில் புடைத்து, உரியாததை மறுபடி அரைத்து, மறுபடி புடைத்து, பிறகு உரலில் போட்டுத் தீட்டி, தவிடு போகப் புடைத்தால்தான் உலைக்கு அரிசி. பகலெல்லாம் களை வெட்டிவிட்டு வந்த பெண் இதைச் செய்யவேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. வீட்டு ஆண்பிள்ளைக்கு இதில் எந்த வேலையும் கிடையாது. முதுகு, தோள், உள்ளங்கை எல்லாம் அவளுடையவை.

ஊருக்கு ஊர் நெல் மில் வந்தது. மூட்டையைக் கொண்டுபோய்ப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அரிசியாக எடுத்து வரலாம். வரகை அதே மில்லில் போட்டால் பாதி தோலோடு வரும், மீதி நொய்யாக வரும். அப்போது அந்தப் பெண் எடுத்தது ஒரு முடிவு. உழைப்புக் கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அதை மறதி என்று சொல்வது, வாஷிங் மெஷின் வாங்கியவளைப் பார்த்து "துணி துவைக்க மறந்துட்டா" என்று சொல்கிற மாதிரி.

இன்னொரு காரணம் கொஞ்சம் கூச்சத்தோடு பேசவேண்டியது. எங்கள் பக்கத்துக் கூலிக்காரர்கள் வீட்டில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கண்ணில் படுகிற சமாச்சாரமாக இருந்தது. மற்ற நாளெல்லாம் வரகும் கம்பும் கேழ்வரகும்தான். பண்ணையார் வீட்டு அடுப்பில் தினம் வெந்தது என்ன, தங்கள் அடுப்பில் வெந்தது என்ன என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ரேஷன் கடை அந்த வித்தியாசத்தை உடைத்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. பசியில்லாமல் படுக்கப்போனதும், பண்ணையார் தின்றதைத் தானும் தின்றதும் அவர்கள் வாழ்க்கையில் பெரிய வெற்றி. இப்போது, சர்க்கரை வியாதிக்குப் பயந்து வரகுக்கு மாறுகிற நகரத்துக்காரர் வந்து, "அரிசி தின்று கெட்டுப்போனீர்கள்" என்கிறார். காது கொடுத்துக் கேட்பார்களா?

சரி, இதெல்லாம் சமூகக் காரணம், உணவில் குறையில்லையே என்று பாரம்பரியக் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். குறை இருக்கிறது. அதற்கு எங்கள் ஊரில் பெயரே உண்டு: கிறுக்கு வரகு.

கதிர் முற்றுகிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால், அறுத்துப் போட்ட கட்டு நனைந்துபோனால், அந்த வரகைத் தின்றவர்களுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், கைகால் நடுங்கும், சிலர் உளறுவார்கள், சிலர் மயங்கிக் கிடப்பார்கள். மாடு தின்றாலும் தள்ளாடும். வரகு விளைகிற வட இந்தியப் பகுதிகளிலும் இதே கதை வேறு பெயரில் உண்டு. 1960களில் இந்திய மருந்தியலாளர்கள் சிலர் இந்த மயக்கத்தைப் பார்த்துவிட்டு, வரகுச் சாற்றிலிருந்து மனநோய்க்கு அமைதி மருந்து எடுக்க முடியுமா என்றுகூட ஆராய்ந்தார்கள். பிறகு 1985ல் வெளியான ஆய்வு ஒன்று விஷயத்தை உடைத்தது. குற்றவாளி வரகு இல்லை, அதில் பிடிக்கிற பூசணம். அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ், அஸ்பர்ஜில்லஸ் தமாரி என்ற இரண்டு பூசணங்கள் சுரக்கிற சைக்ளோபியசோனிக் அமிலம்தான் தலையைச் சுற்றவைக்கிறது. இதில் முதல் பூசணம் எங்கள் பக்கத்து நிலக்கடலைக்காரர்களுக்கும் பழைய எதிரிதான். கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குவதும் அதுவே.

இங்கே கவனிக்கவேண்டியது, ஊர் அறிவு எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது. மழையில் நனைந்த வரகை நம்பாதே என்பது தெரியும். புது வரகை உடனே உலையில் போடாமல் நாள்பட வைத்துத் தின்கிற வழக்கம் இருந்தது. காரணமான பூசணம் எது, நஞ்சு எது, எந்த அளவு ஈரத்தில் அது வளரும், வேகவைத்தால் போகுமா என்பதெல்லாம் ஊருக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. ஆய்வுக்கூடத்துக்கு நஞ்சின் பெயர் தெரியும். எந்தக் காட்டில், எந்த மழைக்குப் பிறகு, எந்தக் கட்டில் அது இருக்கும் என்று அதற்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து உட்காராததால் என்ன ஆனது?

2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்த 13 யானைகளில் 10 யானைகள் மூன்று நாளுக்குள் செத்தன. வயிற்றில் வரகு. உடலில் சைக்ளோபியசோனிக் அமிலம். யாராவது விஷம் வைத்தார்களா என்று நாடே அதிர்ந்து விசாரித்தது. உண்மையில் இது புதுச் செய்தியே இல்லை. 1933 டிசம்பரில் நம் தமிழ்நாட்டு வண்ணாத்திப்பாறைக் காப்புக்காட்டில் 14 யானைகள் வரகு தின்று செத்ததை ஆர்.சி. மோரிஸ் என்பவர் மறு வருடமே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதியிருக்கிறார். டிசம்பர் என்றால் நமக்குக் கார்த்திகை, மார்கழி. மழை ஓய்ந்தும் ஓயாத மாதம். மறதி, மறதி என்கிறார்களே, மறந்தது யார்? கிறுக்கு வரகு என்ற பெயரை இன்றும் வைத்திருக்கிற கிழவியா, 90 வருடத்துக்கு முந்தைய அந்த ஏட்டைப் புரட்டாத வனத்துறையா?

சிறுதானிய விழாக்களில் கிறுக்கு வரகைப் பற்றி ஒரு பேச்சாளராவது வாய் திறந்து நான் கேட்டதில்லை. முன்னோர் உணவில் குறையே கிடையாது என்பது அவர்கள் கொள்கை. அந்த முன்னோரே குறைக்குப் பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள் என்பது அவர்களுக்கு இடைஞ்சல். முன்னோரைக் கும்பிடுகிறவர்கள் முன்னோர் சொன்னதைக் கேட்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அறிவியல் தரப்பு வரகுக்குச் செய்த உதவி முக்கியமாகப் புது ரகம்: சீக்கிரம் முற்றுகிற, கூடுதலாக விளைகிற ரகம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்து ரகங்களில் 100, 110 நாளில் அறுவடைக்கு வருகிறவை உண்டு. காகிதத்தில் நல்ல விஷயம். எங்கள் காட்டில் வைத்துக் கணக்குப் பாருங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி விதைத்தால் 110 நாள் எப்போது முடியும்? கார்த்திகை முதல் வாரத்தில். கடலூர் மாவட்டத்தில் கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழையும் வங்கக்கடல் புயலும் மாறி மாறி அடிக்கிற நேரம். நாட்டு வரகில் நாலரை, ஐந்து மாதம் நிற்கிற வகைகள் அப்போது பச்சையாக நின்று மழையைத் தாண்டும். மார்கழியிலும் தையிலும் வெயில் வந்த பிறகு அறுத்துக் காயவைக்கலாம். சோம்பேறிப் பயிர் என்று அதிகாரி ஒதுக்கிய அந்த நீண்ட வயதுக்குள் பூசணத்தைத் தவிர்க்கிற கணக்கு ஒன்று இருந்தது. குறைந்த வயது ரகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழை தள்ளிப்போகிற, குறைகிற வருடங்களில் அது கைகொடுக்கும். எந்த ஊருக்கு எந்த விதைப்பு நாள் என்பதை ஊர்க்காரனைக் கேட்காமல் முடிவு செய்யாதே என்றுதான் சொல்கிறேன். விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலக்கடலையிலும் எள்ளிலும் முந்திரியிலும் விஆர்ஐ என்ற ரகப் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோன நிலையம். கிறுக்கு வரகுக் கேள்விக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கிற இடம் வேறு எது?

பக்கத்தில் இருந்தால் வேலை நடக்கும் என்பதற்குச் சாட்சி மக்காச்சோளம். 2018ல் அமெரிக்கப் படைப்புழு கர்நாடகத்தில் தெரிந்து, அதே வருடம் நம் பக்கத்து மக்காச்சோளத்தையும் குருத்தோடு தின்றது. அப்போது யாராவது விவசாயிக்கு விழிப்புணர்வுப் பேரணி நடத்தினார்களா? விஞ்ஞானிகள் காட்டுக்கு வந்தார்கள். விவசாயிகள் குருத்தில் மணலும் சாம்பலும் போட்டுப் பார்த்தார்கள். பல்கலைக்கழகம் வேப்பம் புண்ணாக்கு, வரப்போரத்தில் தட்டைப்பயறு, இனக்கவர்ச்சிப் பொறி என்று பரிந்துரை கொடுத்தது. அரசு நிவாரணம் அறிவித்தது. நாமக்கல் கோழிப் பண்ணைக்குத் தீவனம் குறைந்துவிடக் கூடாதே! கோழி தின்கிற தானியத்துக்கு ஆராய்ச்சி வருகிறது, மனுசன் தின்கிற தானியத்துக்கு உபதேசம் வருகிறது.

இனி ஊட்டச்சத்து. வரகு தின்றால் ரத்தசோகை போகும், சர்க்கரை போகும், மூட்டு வலி போகும் என்று அச்சடித்த பாக்கெட்டுகள் கடையில் தொங்குகின்றன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையைப் பார்த்தால் 100 கிராம் வரகில் இரும்புச்சத்து 2.3 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 0.65. மூன்று மடங்குக்கு மேல், உண்மைதான். ஆனால் அதே அட்டவணையில் கேழ்வரகில் 4.6, கம்பில் 6.4. புரதத்தில் அரிசிக்கும் வரகுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 8க்குக் கொஞ்சம் கீழே ஒன்று, 9க்குக் கொஞ்சம் கீழே மற்றது. அரிசியைவிட நல்ல தானியம், அதிசயத் தானியம் இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். இந்தச் சுமையை வரகு மட்டும் இறக்கிவைத்துவிடாது. தானியங்களில் இருக்கிற ஃபைட்டேட் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் அந்தத் தடையைக் குறைக்கும், எலுமிச்சையும் நெல்லியும் இரும்பு சேர உதவும். கூழைப் புளிக்கவைத்தவர்களுக்கு ஃபைட்டேட் தெரியாது, ஆனால் செய்தது அதுதான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது துவரை. வரகுக் கொல்லையில் சில சாலுக்கு ஒரு சால் துவரை போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பூச்சி, மழை எது ஒன்றைக் கெடுத்தாலும் மற்றது நிற்கட்டும் என்ற எண்ணம் அதில் உண்டு. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். இரண்டையும் ஒரே சோற்றில் சேர்த்தால் புரதம் முழுமையாகும். அந்தக் காடு ஒரு வீட்டுக்கான முழுச் சாப்பாட்டை விளைவித்துக்கொண்டிருந்தது. மக்காச்சோளம் வந்தபோது நாம் இழந்தது வரகை மட்டுமில்லை, வீட்டுப் பருப்பையும். சிறுதானியக் கொண்டாட்டக்காரர்கள் துவரையைப் பற்றிப் பேசுவதே இல்லை, அதில் புதுமை இல்லை போலிருக்கிறது.

பாக்கெட் வரகில் இன்னொரு சங்கதி. வெள்ளைவெளேரென்று இருக்கிறதே, எப்படி? தவிடு போகத் தீட்டிவிடுகிறார்கள். நார்ச்சத்தும் கனிமமும் பெரும்பாலும் தவிட்டில்தான். தீட்டாமல் விற்கலாமே என்றால், தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, காற்றுப் பட்டுச் சிக்குவாடை அடிக்கும். மாதக்கணக்கில் கடையில் தொங்கவேண்டிய சரக்குக்கு அது ஆகாது. கிராமத்துப் பெண்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? தோலோடு குதிரில் வைத்தார்கள், தேவைக்கு மட்டும் அவ்வப்போது அரைத்தார்கள். தோலோடு இருக்கிற வரகு வருடக்கணக்கில் கெடாது. கோபுரக் கலசத்தில் வரகு நிரப்புகிற வழக்கம் இதை நம்பித்தான். சத்துள்ள வரகு வேண்டுமானால் அரைக்கிற மில் தின்கிறவர் பக்கத்தில் இருக்கவேண்டும். சென்னையில் பேக் செய்து திட்டக்குடிக்கு வருகிற வரகில் பாரம்பரியத்தின் பெயர் மட்டும் மிச்சம்.

மில்லுக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் மற்ற இடங்களில் கதவைத் திறந்ததும் அதுதான். கொல்லிமலையில் சாமையும் தினையும் குறைந்து, சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பெருகியது. 1988ல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தபோது விதையைக் காப்பாற்றுவதோடு நிற்கவில்லை. பெண்கள் கையால் குத்துகிற பாடுதான் பெரிய தடை என்று அறிந்து, ஊருக்குள்ளேயே தோல் நீக்கும் எந்திரங்களை வைத்தது. மில்லோடு வாங்குகிற ஆளும் வேண்டும்: ஒடிசா அரசு 2017ல் தொடங்கிய சிறுதானியத் திட்டம் கேழ்வரகை விலை கொடுத்து வாங்கி ரேஷனிலும் அங்கன்வாடியிலும் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2023ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு, கம்புக்கும் சோளத்துக்கும் உண்டு. வரகும் சாமையும் அந்தப் பட்டியலில் இல்லை. சிறுதானிய ஆண்டு கொண்டாடிய நாட்டில், அந்தப் பெயருக்கு உரிய சின்னத் தானியங்களுக்கே விலை இல்லை!

"இதையெல்லாம் செய்தால் மட்டும் வரகு சாப்பிடப் போகிறார்களா?" என்று ஓர் அதிகாரி நண்பர் கேட்டார். சிலர் சாப்பிடுவார்கள், சிலர் மாட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் வரகு, மற்ற நாள் ரேஷன் அரிசி என்று ஒரு பெண் முடிவு செய்தால் அது நல்ல முடிவு. மக்காச்சோளத்தையே தொடர்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டுக் கடனைக் கட்டப்போவது நாம் இல்லை. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் தேர்வு என்று ஒன்று முன்னால் இருக்கவேண்டும். வட்டாரத்துக்கு ஒரு தோல் நீக்கும் மில். அடைமழையில் கதிரை உலர்த்த ஒரு கொட்டகை. சந்தேகப்பட்ட மூட்டையைப் பரிசோதித்துச் சொல்ல விருத்தாசலத்தில் ஓர் ஆள். விதைப்பு நாளை நிர்ணயிக்கிற கூட்டத்தில் வரகு குத்தித் தோல் தேய்ந்த பெண்கள் நாலு பேர், சால்வை போர்த்திக்கொள்ள அல்லாமல் கேள்வி கேட்க.

விலையும் வேண்டும். சத்தீஸ்கர் அரசு 2021ல் வரகுக்கும் சாமைக்கும் குவிண்டாலுக்கு 3,000 ரூபாய் என்று அறிவித்து வாங்க ஆரம்பித்தது. கூடுதலா குறைவா என்று அங்கே சண்டை போடலாம், சண்டை போட ஓர் எண்ணாவது இருக்கிறது. திட்டக்குடியில் மக்காச்சோளம் இன்று என்ன விலை என்று கேளுங்கள், டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற யாரும் சொல்வார்கள். வரகு என்ன விலை என்று கேட்டால், "எதுக்குங்க, கலசத்துக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.